குற்றமும் அடைபட்ட வழிகளும்

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறும் காதை ஒன்று உண்டு. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை, புகார் நகரத்துச் சிறையினுள் நுழைந்து, பசியால் வாடிக் கிடந்தோர்க்கு உணவளிக்கிறாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவுகிறான். பொன்னும் பொருளும் கேளாமல், அச்சிறையையே அறம் செய்யும் கோட்டமாக மாற்றித் தருமாறு அவள் வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான்.

இக்காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் பலர், பௌத்த அறத்தின் சிறப்பைச் சொல்லும் பகுதியாகவே இதை விளக்குவர். அவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும், பசியையும் சிறையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்த புலவரின் நோக்கு, சமுதாய வரலாற்றின் பெருவினா ஒன்றையும் தொட்டுச் செல்கிறது. மனிதன் குற்றவாளியாகப் பிறக்கின்றானா? அன்றி, அவன் வாழும் சமுதாயமும் பொருளியல் அமைப்பும் அவனைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகின்றனவா? இவ்வினாவிற்கு விடை காண, தமிழரின் சொந்த வரலாறே போதிய சான்றுகளைத் தருகிறது. சென்னை மாகாணத்திலும், கடல் கடந்து சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் நடந்தவை அச்சான்றுகளாகும்.

ஐரோப்பாவில் எழுந்த இரு விடைகள்

குற்றங்களை எண்ணிக் கணக்கிட்டு ஆராயும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேரூன்றியது. பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெத்லே, பிரான்சு நாட்டு நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, குற்றங்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் கண்டார். தனிமனிதரின் விருப்பமே குற்றத்திற்கு முழுக் காரணம் என்றால், இத்தகைய ஒழுங்கு தோன்ற இயலாது. ஆகவே, குற்றத்தின் விதை சமுதாய அமைப்பிலும் உள்ளது என அவர் 1835 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

செருமானிய அறிஞர் கியோர்க் ஃபான் மாயர், பவேரியா நாட்டில் 1835 முதல் 1861 வரை நிகழ்ந்த திருட்டுகளையும், அந்நாட்டு மக்களின் அன்றாட உணவான ரை தானியத்தின் விலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். தானிய விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டும் ஏறியது. விலை இறங்கிய ஆண்டுகளில் திருட்டும் இறங்கியது. 1867 இல் வெளிவந்த அவருடைய ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல் ஆயிற்று.

இதற்கு நேர்மாறான விடை 1876 ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து வந்தது. மருத்துவராகிய லொம்புரோசோ, குற்றவாளி பிறவியிலேயே அவ்வாறு அமைகின்றான் என்றும், மண்டையோட்டின் அமைப்பிலும் முகத்தின் சாயலிலும் அதற்கான அடையாளங்கள் உள்ளன என்றும் எழுதினார். பிற்காலத்து அறிவியல் அக்கொள்கையைக் கைவிட்டுவிட்டது. ஆனால், குற்றம் பிறப்போடு வருவது என்னும் எண்ணம் அவருக்கு முன்பே ஆட்சியாளர் மனத்தில் இருந்தது. அவருக்குப் பின்னும் மறையவில்லை. லொம்புரோசோவின் நூல் வெளிவந்த அதே 1876 இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. பிறவிக் குற்றவாளி என்னும் கொள்கை எவ்வளவு பொய்யானது என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின.

காவலும் உப்பும்

பஞ்சத்தைப் பற்றி அறியுமுன், அதற்கு முந்தைய ஊர் வாழ்வின் அமைப்பை அறிதல் வேண்டும். தென் மாவட்டங்களில் காவல்முறை என ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ஊரின் விளைச்சலையும் கால்நடைகளையும் காப்பதற்குக் காவல்காரர் பொறுப்பேற்றனர். அதற்கு ஈடாக ஊரார் விளைச்சலில் ஒரு பங்கை அவர்களுக்கு அளந்தனர். களவு நிகழ்ந்தால், காவல்காரர் களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இயலாவிடின் ஈடு செய்ய வேண்டும். இம்முறையில் முறைகேடுகளும் அச்சுறுத்தலும் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும், நிலமோ நீரோ போதாத வறண்ட பகுதி மக்கள் பலருக்கு இதுவே மரபுவழிப் பிழைப்பாக விளங்கியது.

பாளையக்காரர்களின் எழுச்சியை 1801 இல் அடக்கிய கும்பெனி ஆட்சி, அவர்களுடைய காவல் உரிமைகளைப் பறித்தது. 1859 இல் சென்னை மாகாணத்திற்கெனப் புதிய போலீஸ் சட்டம் இயற்றப்பட்டது. காவல் என்பது அரசின் தனி உரிமை ஆயிற்று. நேற்றுவரை ஊரறிந்த பணியாக இருந்தது, இன்று மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றமாக எழுதப்பட்டது. காவல்காரரிடமிருந்து வாளும் வேலும் வாங்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக ஏரும் நீரும் வழங்கப்படவில்லை.

இதே நிலை குறவர் மக்களுக்கும் வேறு வகையில் நேர்ந்தது. கடற்கரை உப்பைக் கழுதைகளின் மீதும் மாடுகளின் மீதும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து தானியத்தோடு திரும்பும் வணிகர்களாக அவர்களுள் ஒரு பிரிவினர் வாழ்ந்தனர். 1805 இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆக்கப்பட்டது. 1856 இல் இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதல் இருப்புப் பாதை ஓடத் தொடங்கியது. பின்னர் உப்பும் தானியமும் தொடர்வண்டியில் ஏறின. 1882 ஆம் ஆண்டு வனச் சட்டத்தால் கால்நடை மேய்த்த காடுகளும் கூடை முடைய உதவிய மூங்கிலும் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. வாணிகம் போயிற்று, மேய்ச்சல் போயிற்று, கைத்தொழிலும் நலிந்தது. ஊர் ஊராக அலைந்த அம்மக்களை, பிழைப்பு ஏதுமின்றித் திரிவோர் என ஆட்சியாளர் ஐயுற்றனர். அவர்களின் பிழைப்பைப் பறித்தது எது என்னும் வினா அரசின் ஏடுகளில் பெரும்பாலும் எழவில்லை.

தாது வருடப் பஞ்சம்

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என இன்றும் நினைவுகூர்கின்றனர். சென்னை மாகாணத்தில் மட்டும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தானிய விலை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. தானியத்தைப் பஞ்சப் பகுதிகளுக்குக் கொண்டுவர உதவிய இருப்புப் பாதை, உயர்ந்த விலை கிடைத்த இடங்களுக்கு அதை ஏற்றிச் செல்லவும் உதவியது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியாவதும் நிற்கவில்லை. 1877 இன் தொடக்கத்தில் பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைக் குறைக்க விரும்பி, உழைக்கும் ஆண் ஒருவருக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவுமே நாட்கூலி என வகுத்தார். கல்லுடைப்போர்க்கும் வாய்க்கால் வெட்டுவோர்க்கும் அக்கூலி உயிரைப் பிடித்து வைக்கவும் போதவில்லை என மருத்துவ அதிகாரிகள் எதிர்த்த பின்னரே அது உயர்த்தப்பட்டது.

இந்தப் பஞ்சக் காலத்தில் தானியக் கொள்ளையும் திருட்டும் மாகாணமெங்கும் பெருகின. மழை பெய்து விளைச்சல் திரும்பியதும் அவை தணிந்தன. சென்னை மாகாணத்தின் கொள்ளைக் குற்றங்களை விரிவாக ஆராய்ந்த வரலாற்றறிஞர் டேவிட் ஆர்னால்டு, 1860 முதல் 1940 வரையிலான காலத்தில் விலையேற்றமும் கொள்ளையும் நெருங்கிய தொடர்புடையன என்பதை எடுத்துக்காட்டினார். பவேரியாவில் ரை தானியம் உணர்த்திய உண்மையைத் தமிழகத்தில் அரிசியும் கேழ்வரகும் உணர்த்தின. குற்றம் குருதியில் ஓடுவதாயின், மழை பெய்தவுடன் அது குறைவது எங்ஙனம்?

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். பசித்தவர் எல்லாரும் திருடவில்லையே என்பது அத்தடை. அது நேர்மையான வினா. தானியக் கிடங்குகளின் வாயிலிலேயே கையேந்தியபடி மாண்டோர் எண்ணற்றோர். எனவே, வறுமை குற்றத்தைப் பிறப்பிக்கிறது என ஒரே வரியில் முடித்துவிடுவது, நேர்மையோடு வாழ்ந்து மடிந்த ஏழைகளுக்கு இழைக்கும் அநீதியாகும். வரலாறு காட்டும் உண்மை சற்று நுட்பமானது. நேர்மையாகப் பிழைக்கும் வழிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும்போது குற்றம் பெருகுகிறது. உணவு கண்ணெதிரே குவிந்திருந்தும் கைக்கு எட்டாதபோது, ஏழைக்கு மரபாகக் கிடைத்து வந்த உரிமைகள் மறுக்கப்படும்போது, அது மேலும் பெருகுகிறது.

1918 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இதை மேலும் தெளிவுபடுத்தும். முதல் உலகப் போரின் இறுதியில் அரிசி, துணி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலைகள் ஏறின. கப்பல்கள் போருக்குச் சென்றமையால் சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் பல ஊர்களிலும் சந்தைகள் சூறையாடப்பட்டன. கூட்டத்தினர் பல இடங்களில் முதலில் கேட்டது நியாய விலை. பழைய விலைக்கு அரிசியை விற்குமாறு வணிகரை வற்புறுத்தினர். மறுக்கப்பட்டபோதே சூறையாடல் தொடங்கியது. இச்செயலைச் சட்டம் கொள்ளை எனப் பதிந்துகொண்டது. அதில் ஈடுபட்டோரோ, பதுக்கலே கொள்ளை எனக் கருதினர்.

கைரேகைச் சட்டம்

இத்தகைய சான்றுகள் கண்முன் இருந்தும், ஆட்சியாளர் தேர்ந்தெடுத்த விளக்கம் பிறப்பு என்பதே. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 இல் முதலில் வட இந்தியப் பகுதிகளுக்கென இயற்றப்பட்டது. 1911 இல் திருத்தி இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு சமூகத்தையே குற்றப் பரம்பரை என அறிவிக்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. பிறமலைக் கள்ளர், குறவர் முதலிய பல சமூகங்கள் அதன்கீழ் வந்தன. கைரேகை பதியப்பட்டமையால், மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றும் ரேகைச் சட்டம் என்றும் வழங்கினர்.

அச்சட்டம் நடைமுறையில் செய்தது யாது? பதிவு செய்யப்பட்டவர், இசைவுச் சீட்டு இன்றி ஊரைவிட்டு வெளியே செல்ல இயலாது. இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ பலர் உறங்க வேண்டியிருந்தது. அறுவடைக் காலத்தில் அடுத்த ஊருக்குக் கூலி வேலைக்குப் போவதும், சந்தைக்கு மாடு ஓட்டிச் செல்வதும், உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்வதும் காவலரின் கையிலிருந்த சீட்டைப் பொறுத்தன. சீட்டின்றிச் சென்றவர் தண்டிக்கப்பட்டார். அவர் களவாடவில்லை; எவரையும் துன்புறுத்தவில்லை; ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்தார். அதுவே குற்றம். இவ்வாறு சட்டமே புதிய குற்றங்களைப் படைத்தது. அக்குற்றங்கள் கணக்கில் ஏறின. ஏறிய கணக்கு அச்சமூகங்கள் குற்றப் பரம்பரையே என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. குற்ற எண்ணிக்கையை ஆராய்வோர், குற்றம் எது என வரையறுத்தவர் யார் என்பதையும் கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

1920 ஏப்ரல் 3 ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் கைரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். ஒரு பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரும் சட்டம் நீங்கவில்லை. நீண்ட போராட்டத்திற்குப் பின் 1947 இல் சென்னை மாகாணத்திலும், 1952 இல் இந்தியா முழுவதிலும் அது நீக்கப்பட்டது.

அதே மண்ணில் மாற்றுச் சான்றும் உண்டு. பெரியாறு அணை 1895 இல் திறக்கப்பட்டு, அதன் நீர் மேலூர்ப் பகுதிக்குப் பாய்ந்தது. அங்கு வாழ்ந்த கள்ளர் பலர் நிலையான உழவர் ஆயினர். நீர் எட்டாத உசிலம்பட்டிப் பக்கத்து வறண்ட நிலமோ, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கடுமையை முழு அளவில் தாங்கியது. 1920 க்குப் பின் அரசே மனம் மாறி, கள்ளர் சீரமைப்பு என்னும் பெயரில் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தொடங்கியது. கண்காணிப்பின் நிழலிலேயே பிறந்தாலும், அப்பள்ளிகள் பல தலைமுறை மாணவர்க்கு எழுத்தறிவு ஊட்டின. பிறவிக் குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தனர். இடையில் அவர்களின் குருதி மாறவில்லை.

சிங்கப்பூரில் கைதிகள்

கடல் கடந்த சான்று ஒன்று இதைவிட வியப்பானது. 1825 ஏப்ரல் 18 ஆம் நாள், சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்ட 80 கைதிகள் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அடுத்த வாரமே வங்காளக் கைதிகளும் வந்தனர். 1873 வரை சிங்கப்பூர் ஒரு கைதிக் குடியேற்றமாகவும் விளங்கியது. வந்தவருள் கொலைக் குற்றத்திற்கும் கொள்ளைக்கும் ஆயுள் தண்டனை பெற்றவர் பலர்.

அவர்கள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். புதிதாக வந்தவர் காலில் சங்கிலியோடு சாலையில் உழைத்தார். நன்னடத்தையால் படிப்படியாக மேல் வகுப்புக்கு உயர்ந்தார், சங்கிலி நீங்கிற்று, தொழில் கற்றார், ஊதியமும் பெற்றார். கைதிகளுள் தேர்ந்தோரே மற்றக் கைதிகளுக்குக் காவலர் ஆயினர். இறுதியில் சிறைக்கு வெளியே குடும்பத்தோடு வாழவும் இசைவு கிடைத்தது. இவ்வமைப்பை நிருவகித்த மேஜர் மெக்நேர், 1899 இல் வெளியிட்ட நூலுக்கு, கைதிகளே தம் காவலர் எனப் பொருள்படும் பெயரையே சூட்டினார்.

1862 இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயம் அக்கைதிகளின் உழைப்பில் எழுந்தது. முட்டையின் வெண்கருவும் சுண்ணாம்பும் சர்க்கரையும் கலந்து அரைத்த சென்னைச் சாந்து அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது. இன்று இஸ்தானா என வழங்கும் ஆளுநர் மாளிகையும் 1867 முதல் 1869 வரை கைதிகளின் உழைப்பைக் கொண்டே கட்டப்பட்டது. 1873 இல் இம்முறை முடிவுற்றபோது, விடுதலைச் சீட்டுப் பெற்றோர் பலர் இங்கேயே தங்கினர். மாடு வளர்ப்போராகவும் வண்டியோட்டிகளாகவும் கைவினைஞராகவும் நகர வாழ்வில் கலந்தனர்.

இதைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. அது கட்டாய உழைப்பு; நோயால் மடிந்தோரும் உண்டு; மலிவான கட்டுமானமே அரசின் முதல் நோக்கம். ஆயினும், தாயகத்தில் திருத்தவே இயலாதவர் எனக் கழிக்கப்பட்ட மனிதர்க்கு, தொழிலும் ஊதியமும் மேலே ஏறும் படியும் தென்பட்டபோது, அவர்களுள் பலர் அமைதியான குடிமக்கள் ஆயினர் என்பது மறுக்கவியலாத செய்தி.

தோட்டமும் பட்டணமும்

தாது வருடப் பஞ்சம் போன்ற பேரிடர்கள் தமிழரை இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் துரத்தின. மலாயாவின் ஒப்பந்தக் கூலிமுறையில், தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றம். தாங்கவியலாத நிலையிலிருந்து தப்பியவனைச் சட்டம் குற்றவாளி என்றது. அம்முறை 1910 இல் முடிவுக்கு வந்தது.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர் இழந்தது வேலை மட்டும் அன்று. குடியிருந்த லயம், பிள்ளைகளின் பள்ளி, கும்பிட்ட கோயில், நோயில் துணை நின்ற அண்டை வீட்டார் ஆகிய அனைத்தும் ஒரே ஆணையால் சிதறின. இதை உணர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கி, அவர்களை வேரோடு பெயராமல் காக்க முயன்றார். அம்முயற்சி எட்டாத தோட்டங்கள் மிகப் பல. பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நகரோரப் புறம்போக்குக் குடியிருப்புகளில் கைத்தொழிலும் உயர்கல்வியும் இன்றி வளர்ந்த இளைஞருள் சிலர் குண்டர் கும்பல்களிடம் அடைக்கலம் புகுந்தனர். வேலையும் மதிப்பும் துணையும் தருவதாக அக்கும்பல்கள் ஆசை காட்டின.

அவ்விளைஞரைக் கண்டு, இவர்கள் அப்படித்தான் எனக் கைவிரிப்போர் நம்மவருள்ளும் உளர். அச்சொல் புதியது அன்று. 1871 இல் சட்டமாக எழுதப்பட்ட சொல் அது. பெருங்காமநல்லூரில் துப்பாக்கியாய் வெடித்த சொல். அதை வகுப்பறையில் ஓர் ஆசிரியர் பின்வரிசை மாணவனைப் பார்த்துச் சொல்லும்போது, அவன் முன் இருந்த வழிகளுள் ஒன்று அடைபடுகிறது.

இதனால் குற்றம் புரிந்தோர் பொறுப்பற்றவர் ஆகிவிடமாட்டார். கும்பலின் கத்திக்கு முதலில் இரையாவோரும் ஏழைகளே; அவர்களைக் காப்பது அரசின் கடமை. தண்டனை வேண்டிய இடத்தில் தண்டனை வேண்டும். ஆனால், தண்டனையை மட்டும் நம்பிய ஆட்சிகள் சிறைகளை நிரப்பினவே அன்றிக் குற்றத்தைக் குறைக்கவில்லை. நீர் பாய்ந்த மேலூரும், பள்ளி வந்த கள்ளர் நாடும், கைதிகள் குடிமக்களான சிங்கப்பூரும் காட்டுவது அடைபட்ட வழிகளைத் திறப்பதன் பயனையே. மணிமேகலை சிறையினுள் சென்றபோது, அங்கிருந்தோர் செய்த குற்றம் யாது என முதலில் கேட்கவில்லை. அவர்கள் உண்டனரா என்றே பார்த்தாள். தமிழாசிரியர்கள் அக்காதையை நடத்தும்போது இவ்வரலாற்றையும் உடன்வைத்து நடத்துவார்களாயின், மாணவர்க்கு இலக்கியமும் விளங்கும். தம் சமுதாயமும் விளங்கும்.